பழைய இசைத்தட்டுப் பாட்டு ஏன் கீச்சென்று கேட்கிறது?

‘நூறு வருஷத்துக்கு முந்தைய அபூர்வப் பாட்டு’ என்ற குறிப்போடு ஓர் ஒலித்துணுக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தால், கேட்டவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தக் காலத்துப் பாடகர்களுக்கெல்லாம் கீச்சுக்குரல் என்பது ஒன்று. அந்தக் காலத்து மெஷினின் லட்சணம் அவ்வளவுதான் என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கீச்சொலியில் ஒரு பங்கு பாடகரையும் சேராது, பழைய கருவியையும் சேராது. நம் காலத்தில் தட்டைச் சுழலவிட்டுக் கணினியில் ஏற்றியவர், தெரிந்தோ தெரியாமலோ எடுத்த முடிவுகளையே சேரும். எது எவருடைய பங்கு என்று பிரித்தறிய, தட்டுக்குள் ஒலி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். அதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு ஒரு தனித் தேவையும் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில் இருந்த பகுதி என்பதால், பழைய வீடுகளின் மச்சிலிருந்து இறங்கும் பெட்டிகளில் தமிழ்த் தட்டும் மலையாளத் தட்டும் கலந்தே இருக்கும். அவற்றை எடுத்துப் பதிவுசெய்து பகிரும் ஆர்வம் இளைஞர்களிடம் வந்திருப்பது நல்லதுதான். ஆனால் அடிப்படை தெரியாமல் செய்தால் தவறான ஒன்றுதான் பரவும்.

மணலில் இழுத்த கோடு

முட்டம் கடற்கரையில், அலை வந்து போன ஈர மணலில் ஒருவர் குச்சியை ஊன்றி இழுத்துக்கொண்டே நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கை அசையாவிட்டால் கோடு நேராக விழும். கையை இடமும் வலமுமாக ஆட்டினால் கோடு நெளியும். விரைவாக ஆட்டினால் நெளிவுகள் நெருங்கும், வீசி ஆட்டினால் அகலும். இப்போது இன்னொருவர் பின்னால் வந்து, அதே பள்ளத்தில் தன் குச்சியை விட்டு, கையைத் தளர்வாக வைத்துக்கொண்டு அதே வேகத்தில் நடந்தால், முதல் ஆளின் கை எப்படி ஆடியதோ அப்படியே இவருடைய கையும் ஆடும்.

இசைத்தட்டு செய்வதும் இதைத்தான். ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்குக்கு அதிர்வெண் என்று பெயர். எண் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். அந்த அதிர்வைக் கொண்டு ஓர் ஊசியை ஆட்டி, சுழலும் தட்டில் பள்ளமாகக் கீறினால் பதிவு ஆயிற்று. அந்தப் பள்ளத்தைத் தடம் என்று சொல்லலாம். பிறகு வேறோர் ஊசி தடத்தில் ஓடும்போது அதே ஆட்டம் திரும்ப வருகிறது; அதைப் பெரிதாக்கினால் பாட்டு.

எடிசன் 1877-இல் உருளையில் இதைச் செய்துகாட்டினார்; அவருடைய ஊசி மேலும் கீழுமாகக் குத்தியது. பத்தாண்டு கழித்து, 1887-இல், எமில் பெர்லினர் பக்கவாட்டு நெளிவுக்கு மாறினார். அவருடைய முறையே தட்டையான தட்டாக வளர்ந்து கிராமபோன் ஆயிற்று. நம் வீடுகளில் கிடைக்கும் தட்டுகள் ஏறக்குறைய எல்லாமே பெர்லினர் வழியில் வந்தவை.

தட்டின் ஒரு பக்கத்தில் வட்டம் வட்டமாகப் பல தடங்கள் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் வெளி ஓரத்தில் தொடங்கி மையத்தை நோக்கிச் சுருளும் ஒரே தடம்தான் இருக்கிறது. 10 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று வீதம் மூன்று நிமிடம் ஓடினால் 234 சுற்று; அந்தச் சுருளை நீட்டிப் பிடித்தால் 120 மீட்டருக்கும் மேல் வரும். வெளி ஓரத்தில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்குத் தடம் ஊசிக்கு அடியில் ஓடுகிறது. உள் ஓரத்துக்கு வரும்போது அதில் பாதிகூட இராது. ஆகவே நொடிக்கு 440 முறை அதிரும் ஒரு ஸ்வரத்தின் ஒரு நெளிவு வெளியே 2 மில்லிமீட்டர் நீளமாகவும், உள்ளே 1 மில்லிமீட்டருக்கும் குறைவாகவும் நெருங்கிவிடுகிறது. பாட்டின் கடைசி அரை நிமிடம் பல தட்டுகளில் கரகரப்பதற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம். பத்திரிகை படிக்கும் லென்ஸை வெயிலில் தட்டின் மேல் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: ஓங்கிப் பாடிய இடத்தில் தடம் அலையலையாக நெளிந்திருப்பதும், பாட்டு ஓய்ந்த இடத்தில் கோடுகள் நேராகிவிடுவதும் தெளிவாகத் தெரியும்.

இதுவரை: ஒலி அதிர்வாகவும், அதிர்வு நெளிவாகவும், நெளிவு மீண்டும் அதிர்வாகவும் மாறுகிறது. தட்டில் எழுதியிருப்பது நெளிவின் வடிவம் மட்டுமே. எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பதைத் தடம் சொல்லாது.

அரக்கும் கல்தூளும்

78 சுற்றுத் தட்டுகளைப் பலர் வினைல் என்று எழுதுகிறார்கள். வினைல் பிளாஸ்டிக்கில் ஆன நெடுநேரத் தட்டு 1948-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய தட்டுகளும், இந்தியாவில் 1960கள் வரை வெளிவந்த 78 சுற்றுத் தட்டுகளும் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. மரங்களில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினோடு கல்தூளும் கரியும் கலந்து, சூட்டில் அழுத்தி எடுப்பார்கள். கல்தூள் சேர்த்ததில் ஒரு தந்திரம் உண்டு. எஃகு ஊசியைத் தடம் தேய்த்துத் தனக்கேற்ற வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே அந்தச் சொரசொரப்பு. அதனால்தான் ஒரு பக்கம் ஓடியதும் ஊசியை மாற்றச் சொன்னார்கள். நாம் கேட்கும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலில் பெரும்பகுதி அந்தக் கல்தூளின் பேச்சு.

பழைய கட்டில், பீரோவுக்கு அரக்கு பாலிஷ் போடும் ஆசாரிமாருக்கு இன்னொன்று சொல்லாமலே தெரியும்: அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட். ஆகவே அரக்குத் தட்டை ஸ்பிரிட்டோ சானிடைசரோ தொட்டுத் துடைத்தால் அழுக்கோடு பாட்டும் போய்விடும். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள நம் மாவட்டத்தில் தட்டின் மேல் பூஞ்சை படிவது சாதாரணம். வெறும் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால், லேபிளில் படாமல், தடம் போகும் வட்டத்திலேயே துடைத்து உடனே உலர்த்திவிடலாம்.

புனலுக்குமுன் பாடியவர்கள்

1925-க்கு முன் பதிவுக்கூடத்தில் மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்குமுன் நின்று பாட வேண்டும். குரலின் விசை மட்டுமே ஊசியை ஆட்டியது. 1902-இல் கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானைப் பதிவுசெய்தது இப்படித்தான். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய் அங்கேதான் தட்டாக அச்சாயின என்பதால், யாருடைய பாட்டு என்று அங்குள்ள தொழிலாளிகளுக்குத் தெரிவிக்க அதுவே வழியாக இருந்தது.

மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையிலான அதிர்வெண்களைக் கேட்கும். புனல் வாங்கியதோ ஏறத்தாழ 200 முதல் 2,000 வரைதான். இதன் பொருள் என்ன என்பதற்கு நம்மூர் வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்வோம். கோயில் கொடையில் வில்லடிக்கும்போது அடியில் குடத்தின் கும்மென்ற முழக்கம், மேலே ஜால்ராவும் வில்மணிகளும், நடுவே உடுக்கும் பாட்டும். அந்தக் குழுவைப் புனலுக்குமுன் உட்கார வைத்திருந்தால் குடத்தின் அடிமுழக்கமும் ஜால்ராவின் மினுக்கமும் வெளியே நின்றிருக்கும். புலவரின் குரல் மட்டும், அதுவும் மார்பொலி இல்லாமல், மெலிந்து உள்ளே போயிருக்கும். பழைய பதிவுகளில் ஆண்குரல்கூட டெலிபோனில் பேசுவதுபோல் ஒலிப்பது இந்தக் கீழ்ப்பகுதி விடுபட்டதால்தான். சுருதி மாறவில்லை, குரலின் கனம் போய்விட்டது. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறு தொடங்குகிறது.

1925-இல் மைக்கும் மின்சாரப் பதிவும் வந்தபின் எல்லை ஏறத்தாழ 100 முதல் 5,000 வரை விரிந்தது. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1936-இல் திரைக்கு வந்தபோது மைக்தான் இருந்தது. அவருடைய பேச்சின் ஏற்ற இறக்கமெல்லாம் நமக்கு முழுசாகக் கிடைத்ததற்கு அதுவும் காரணம்.

உண்மையாகவே உச்சத்தில் பாடியவர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கப் பாடிப் பழகியவர்கள். அவர்களுடைய தட்டை ‘சரிசெய்கிறேன்’ என்று சுருதியை இறக்கிவிடுவது, கீச்சாக்குவதைப் போலவே ஒரு பிழை.

மூன்று நிமிடக் கட்டாயம்

10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம், 12 அங்குலத் தட்டு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். ஆலாபனை சுருங்கியதும், சரணங்கள் விடுபட்டதும், சில பாட்டுகள் ஓட்டமாக முடிவதும் அந்த அளவுக்குள் அடக்கத்தான். ஆகவே ஒரு பாட்டு வேகமாக ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து, தட்டை வேகமாகச் சுற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்ட முடியாது.

வேகம்: முக்கியமான இடம்

மணலில் பின்னால் வந்தவர் நடக்காமல் ஓடினால் என்ன ஆகும்? நெளிவுகள் அதேதான், ஆனால் அவர் கை அதிக விரைவில் ஆடும். தட்டும் அப்படியே: பதிவான வேகத்தைவிட விரைவாகச் சுற்றினால் பாட்டு சீக்கிரம் முடியும், சுருதியும் ஏறும்; இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

78 என்பது ஆதியிலிருந்தே இருந்த சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். தொடக்க காலத்தில் கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் பதிவுக்குப் பதிவு, 70-லிருந்து 80-க்கு மேல் வரை வேகம் மாறியது. மின்மோட்டார் வந்தபிறகுதான் 78 நிலைத்தது. அதுவும் சரியாக 78 அல்ல, நம் நாட்டு நொடிக்கு 50 சுழற்சி மின்சாரத்தில் 77.92.

74-இல் பதிவான ஒரு தட்டை 78-இல் ஓட்டுகிறோம் என்று கொள்வோம். வேகம் ஏறத்தாழ 5 விழுக்காடு கூடுகிறது. மூன்று நிமிடப் பாட்டு 2 நிமிடம் 51 நொடியில் முடிகிறது. ஆர்மோனியத்தில் கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து எண்ணினால், ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே அதிர்வெண்ணில் சுமார் 6 விழுக்காடு வேறுபாடு. அதாவது பாட்டு ஏறக்குறைய ஒரு கட்டை தள்ளி ஒலிக்கிறது. சாதாரணமாகக் கேட்பவருக்குப் பாட்டு கெட்டதாகத் தோன்றாது, பாடியவர் கொஞ்சம் இளையவராகத் தோன்றுவார். பிழை காதுக்குத் தப்புவது இதனால்தான். 33⅓ சுற்றுத் தட்டை 45-இல் போட்டால் ஷட்ஜம் (ஸ) ஏறத்தாழச் சுத்த மத்யமத்துக்கே (ம) ஏறிவிடும். அதை யாரும் உடனே கண்டுபிடித்துச் சிரித்துவிடுவார்கள். சிறிய பிழைதான் நெடுங்காலம் உலவும்.

இன்று கடையில் கிடைக்கும் யுஎஸ்பி சுழல்மேடைகளில் (தட்டைச் சுழற்றி ஒலியைக் கணினிக்கு அனுப்பும் கருவிகளில்) பலவற்றில் 33⅓, 45 ஆகிய இரண்டு வேகங்களே உண்டு. 78 சுற்றுத் தட்டை அதில் 45-இல் ஓட்டிப் பதிந்து, பிறகு கணினியில் 1.733 மடங்கு விரைவாக்கலாம், கணக்கு சரியே. ஆனால் பலர் கணக்குப் போடாமல், காதுக்கு ‘எடுப்பாக’ இருக்கும் வரை விரைவாக்குகிறார்கள். எடுப்பு என்றாலே கொஞ்சம் அதிக வேகம் என்று பொருள் ஆகிவிடுகிறது.

வேகத்தைச் சரிபார்க்க வழிகள் உண்டு. முதலில் சுழல்மேடையையே சோதிக்க வேண்டும். ஒரு காகித வட்டத்தின் ஓரத்தில் 77 கறுப்புக் கோடுகளைச் சம இடைவெளியில் வரைந்து, சுழலும் மேடையில் வைத்து, சோக் வைத்த பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால், வேகம் 77.92-ஆக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. அந்த வேகத்தில் நொடிக்குச் சரியாக 100 கோடுகள் கடக்கின்றன. அதனால் இந்தத் தோற்றம். கோடுகள் முன்னோக்கி ஊர்ந்தால் வேகம் கூடுதல், பின்னோக்கி ஊர்ந்தால் குறைவு. எல்இடி விளக்கை நம்பி இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். அவற்றில் பல இப்படி மினுங்குவதில்லை.

மேடை சரியாக இருந்தாலும், பதிவு எந்த வேகத்தில் நடந்தது என்ற கேள்வி மிஞ்சும். பாட்டில் ஆர்மோனியம் இருந்தால் நல்ல சாட்சி கிடைத்தது என்று கொள்ளலாம், ஏனென்றால் வீணை, தம்பூராவைப்போல அதன் சுருதியைப் பாடகருக்கேற்ப முறுக்கி மாற்ற முடியாது. இப்போதைய ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டால் அது இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுகிறதென்றால் வேகம் தவறியிருக்கக்கூடும். முழு நிரூபணம் என்று சொல்லிவிட முடியாது. பழைய ஆர்மோனியங்கள் எல்லாம் ஒரே சுருதியில் இருந்ததில்லை. ஆர்மோனியம் இல்லாவிட்டால் சொற்களைக் கேளுங்கள். வேகம் கூடும்போது உயிரொலிகள் சுருங்கி, ‘ஆ’ என்ற அகல ஒலியில் ஒரு பொம்மைத்தனம் வரும். ஒரே பாடகரின் நாலைந்து தட்டுகளைக் கேட்டு, குரல் எங்கே ஒருவராக ஒலிக்கிறது என்று பார்ப்பதும் உதவும்.

சுருக்கமாக: மெலிந்த குரல் புனலின் வேலை, உயர்ந்த சுருதி பாடகரின் வேலையாகவும் இருக்கலாம், பொம்மைக்குரல் மட்டும் பெரும்பாலும் வேகத்தின் வேலை.

ஊசி

அரக்குத் தட்டின் தடம் அகலமானது. அதற்குரிய ஊசிமுனை வினைல் தட்டுக்கான ஊசிமுனையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பருமன். மெல்லிய ஊசியை அகலமான தடத்தில் விட்டால் அது சுவர்களைத் தொடாமல் அடியில் கிடக்கும் தூசியையே உழுதுகொண்டு போகும். ‘தட்டு தேய்ந்துவிட்டது’ என்று ஒதுக்கப்பட்ட பலவற்றில் குறை தட்டில் இல்லை, ஊசியில்தான். எந்த ஊசி பொருந்தும் என்பதும் தட்டுக்குத் தட்டு மாறும். இன்டர்நெட் ஆர்கைவ் நிறுவனம் 78 சுற்றுத் தட்டுகளைத் திரட்டிப் பதிந்தபோது, ஒரே தட்டில் வெவ்வேறு பருமனுள்ள நான்கு ஊசிகளை ஒரே சமயத்தில் ஓட்டி, நான்கு பதிவையும் வைத்துக்கொண்டதற்குக் காரணம் இதுவே. எது மேல் என்று கேட்பவர் முடிவு செய்யட்டும் என்ற அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கணினிக்குள்

கணினி அதிர்வை எண்களாக எழுதிவைக்கிறது. நொடிக்கு 44,100 முறை அளந்து குறிப்பது குறுந்தகட்டின் வழக்கம். அரக்குத் தட்டில் இருக்கும் ஒலிக்கு அது தாராளம். ஆகவே ‘டிஜிட்டல் ஆனதால் கெட்டுவிட்டது’ என்ற புலம்பலுக்கு இங்கே இடமில்லை. கெடுப்பது அதன்பிறகு நடக்கும் ‘சுத்தம் செய்தல்’. இரைச்சலை நீக்கும் மென்பொருளுக்குக் கல்தூளின் ‘ஸ்ஸ்’ எது, பாடகரின் ‘ஸ’ எது என்று முழுதாகத் தெரியாது. அழுத்திப் பிடித்தால் தம்பூராவின் ஜீவனும் வயலின் வில்லின் உரசலும் சேர்ந்தே போய், குரல் தண்ணீருக்கடியில் பாடுவதுபோல் ஆகிவிடும். அப்படி நீரில் மூழ்கடித்த பதிவைவிட இரைச்சலோடு கூடிய பதிவே மேல் என்பது என் கட்சி.

‘ஸ்டீரியோ’ என்று எழுதிவரும் 1930களின் பாட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி தரும் ஸ்டீரியோ தட்டுகள் 1950களின் இறுதியில்தான் விற்பனைக்கு வந்தன. அதற்கு முந்தையது இடமும் வலமுமாகப் பிரிந்து கேட்கிறதென்றால், ஒரே ஒலியை யாரோ பிற்பாடு பிரித்திருக்கிறார்கள்.

உரிமை

பழைய பாட்டு என்றாலே பொதுச்சொத்து என்ற எண்ணமும் தவறு. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு நிற்கும். 1960-இல் வெளியான தட்டுக்கு 2020 டிசம்பர் 31 வரை. ஆனால் பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்குமான உரிமை வேறு கணக்கு: ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும். பதிவு விடுபட்டும் வரிகள் விடுபடாமல் இருக்கலாம்.

பகிர்வதற்கு முன்

வருடத்தைத் துணிந்து எழுதுவதுதான் இந்தத் துறையில் மலிந்த குற்றம். முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931-இல் வந்தது; ஆகவே ‘1920-ஆம் வருட சினிமாப் பாட்டு’ என்று ஒன்று இருக்க முடியாது. குடத்தின் அடிமுழக்கம் தெளிவாகக் கேட்கும் ஒரு பதிவு 1910-ஐச் சேர்ந்தது என்றால் அதையும் நம்ப வேண்டியதில்லை. தெரியாத வருடத்தை ஊகித்து எழுதுவதைவிட, லேபிளில் உள்ளதை உள்ளபடி படம் பிடித்துப் போடுவது பயன்படும். லேபிளைச் சுற்றியுள்ள வழுவழுப்பான வளையத்தில் அரக்கிலேயே பதிந்திருக்கும் எண்ணையும் சாய்ந்த வெளிச்சத்தில் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். லேபிளை மாற்றி ஒட்டி மறுபடி வெளியிட்டாலும், பதிவை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அந்த எண்தான்.

கூடவே இரண்டு வரி போதும்: எந்த ஊசியால், எந்த வேகத்தில் ஓட்டியது, கணினியில் எவ்வளவு மாற்றியது. இரைச்சல் நீக்கிய படியைத் தனிப் பெயரில் சேமித்து, முதலில் எடுத்த பதிவைத் தொடாமல் வைத்திருங்கள். அதன் மேலேயே ஏற்றி எழுதிவிட்டால், நாளை வேகம் தவறு என்று தெரிய வரும்போது தட்டைத் தேடித்தான் போக வேண்டும். அதற்குள் வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று யாராவது அதை ஆக்கர் கடைக்கு எடைக்குப் போட்டிருப்பார்கள்.